கோழிக்கு முட்டையிடும் பெட்டி

முட்டையிடும் பருவத்தை எட்டிய பேடு, விடிந்து சற்று நேரத்தில் ஒரு தனிக் குரலிற் கேரிக்கொண்டு வளவைச் சுற்றி வருவதை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். வேலியோரம் போகும், விறகுக் குவியலின் இடுக்கிலே தலையை நுழைத்துப் பார்க்கும், மனம் ஒவ்வாது வெளியே வரும், மீண்டும் போகும். வீட்டார் இதனை வீண் அலைச்சல் என்று எண்ணி விரட்டுவதும் உண்டு. ஆயின், அது வீண் அலைச்சலன்று. முட்டையிடுவதற்கு ஒரு மறைவிடம் தேடும் முயற்சியே அது.

இந்நாட்டின் காட்டுக்கோழியும், வீட்டுக்கோழிகளுக்கு முதன்மையான மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழியும் பெரும்பாலும் நிலத்திலே, செடிகொடிகளின் மறைவிற் கூடு அமைப்பவை. பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு வாழ்ந்தும் வீட்டுக்கோழி அவ்வியல்பைக் கைவிடவில்லை. முட்டையின் மஞ்சட்கரு சூலகத்தை விட்டு வெளிப்பட்டு, வெண்கருவும் ஓடும் பெற்று வெளிவர ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் செல்லும். அதிற் பெரும்பகுதி, 20 மணி நேரமளவில், ஓடு அமைவதற்கே ஆகும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 1960களில் வுட்-குஷ், கில்பேர்ட் என்னும் ஆய்வாளர் இதிலே ஒரு புதுமையைக் கண்டனர். மஞ்சட்கருவை வெளிவிட்டபின் சூலகத்தில் எஞ்சி நிற்கும் வெறும் பையே, மறுநாள் கூடு தேடும் உந்துதலுக்குக் காரணமாகின்றது. அப்பையை அகற்றியபோது கூடு தேடும் நடத்தை குலைந்துபோயிற்று. எனவே, காலையில் அலையும் பேட்டின் உள்ளே, அந்த அலைச்சலுக்கான விதை முந்திய நாளே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

பெட்டி வைத்தாற் போதும், முட்டை பெருகும் என்று சொல்வாரும் உளர். அது மிகையான பேச்சு. முட்டையின் எண்ணிக்கையை வகுப்பவை கோழியின் இனம், வயது, தீன், தூய நீர், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, வெளிச்சம் ஆகியனவே. நம் நாட்டிலே ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரமாதலால், பண்ணைக்காரர் விளக்கேற்றி அதனை 14 அல்லது 16 மணி நேரமாக நீட்டுகின்றனர். பெட்டி செய்வது வேறொரு பணி. இட்ட முட்டை கைக்கு வந்து சேர அது வழி செய்கின்றது.

இது சிறிய காரியமன்று. நாலைந்து கோழி வளர்க்கும் வீட்டில், முட்டை விற்ற காசுதான் பிள்ளையின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் உதவுகின்றது. வேலிக்குள் இடப்பட்ட முட்டையைக் காகமோ கீரியோ பாம்போ கொண்டுபோனால் ஒரு முட்டை நட்டம். அதனினும் கேடு, பத்து நாட் கழித்து அது கண்டெடுக்கப்பட்டு, நல்ல முட்டைகளோடு கலந்து கடைக்குப் போவதாகும். சேவலோடு திரியும் பேடு இட்ட முட்டையிலே, வெப்பமான நாட்களிற் கரு வளரவும் தொடங்கிவிடும். வாங்கியவர் உடைத்துப் பார்த்து முகஞ்சுளித்த பின்னர், அவ்வீட்டு முட்டையை மறுபடி எவர் வாங்குவார்?

பெட்டி அமைப்பதிற் பெரிய தச்சுவேலை எதுவும் இல்லை. அகலம், ஆழம், உயரம் மூன்றும் 12 அங்குலமளவில் இருந்தாற் போதும். உடல் பெருத்த இனங்களுக்கு 14 அங்குலம் நன்று. முன்புறத்தில் வைக்கோல் சரியாதபடி 4 அங்குல உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு வேண்டும். தேயிலை மரப்பெட்டிகளில் ஏற்றுமதியான காலத்திலே, பழம்பெட்டியொன்று இதற்கு நன்கு பயன்பட்டது. பனையோலைக் கடகமும் ஆகும். தகரம் மட்டும் நண்பகலிற் கொதிக்குமாதலால் நிழலிலன்றி வைத்தலாகாது. நாலைந்து பேடுகளுக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய விதியோ, கூண்டிலன்றி வளர்க்கப்படும் 7 கோழிகளுக்கு ஒரு பெட்டியேனும் வேண்டும் என்கின்றது. எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாப் பேடுகளும் ஒரே பெட்டிக்கு முண்டியடிப்பதைக் காணலாம். அதனைத் தடுக்க முயல்வது வீண்.

அளவைக் காட்டிலும் இடமே முக்கியம். கூட்டின் இருண்ட மூலையில், நிலத்திலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி உயரத்திற் பெட்டியை அமைத்தல் வேண்டும். கோழி உறங்கும் கம்பு பெட்டியினும் உயரமாக இருத்தல் இன்றியமையாதது. கோழி இரவில் உயர்ந்த இடத்தையே நாடும். பெட்டி உயர்ந்திருந்தால் அதிலேயே உறங்கி எச்சமிட்டு அழுக்காக்கிவிடும். பெட்டியின் கூரையைச் சரிவாக அமைப்பதும் இதற்காகவே. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னரே பெட்டியை வைத்துவிட்டால், இளம்பேடு அதனோடு பழகிக்கொள்ளும்.

உள்ளே உலர்ந்த வைக்கோலோ உமியோ பரப்பி, ஈரமானவுடன் மாற்றுதல் வேண்டும். பேன் சேராதிருக்க உலர்ந்த வேப்பிலை இடுவது ஊர்வழக்கம். ஒரு முட்டையைப் பெட்டியிலே விட்டுவைத்தால், அதனைக் கண்டு கோழி அங்கேயே இடும் என்பது நம் பாட்டிமார் அறிந்த உண்மை. அம்முட்டை பழுதாகுமாதலால், மரத்திற் கடைந்த முட்டையோ வழவழப்பான வெண்கல்லோ வைப்பது மேல். ஒன்று போதும். முட்டைகள் குவியக் குவிய, அவற்றின் தொடுகையே பேட்டுக்கு அடைகாக்கும் எண்ணத்தை எழுப்பும். அடையிற் கிடக்கும் கோழி முட்டையிடாது. ஆகவே காலையிலும் பிற்பகலிலும் முட்டைகளை எடுத்துவிடல் வேண்டும். உடைந்த முட்டையைச் சுவைத்துப் பழகிய கோழி, நல்ல முட்டையையும் கொத்திக் குடிக்கும். இருமுறை எடுப்பதால் அதற்கும் இடமில்லாமற் போகும்.

வேலிக்குள் இட்டுப் பழகிய கோழியைத் திருப்புவதற்குப் பொறுமை வேண்டும். காலையில் விரலால் தடவி முட்டை இருப்பதறிந்து, பேட்டைக் கடகத்தால் மூடிவைப்பது யாழ்ப்பாணத்து வீடுகளிலே பழைய முறை. பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே இடப்படுவதால், ஒரு வாரம் வரையில் 10 அல்லது 11 மணி வரை கோழிகளைக் கூட்டை விட்டு வெளியே விடாதிருந்தாலும் போதும். அக்கோழி முன்பு இட்ட வேலியிடுக்கை அதற்குள் முட்கம்பு கொண்டு அடைத்துவிடுதல் வேண்டும்.