பிள்ளைக்குத் தனிக்கடை: பெரியவர் சொல்லும் காரணமும்

மகனுக்கு 25 வயதாகிறது. தனியாக ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நம் உறுப்பினர் ஒருவர் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம் பார்த்து முன்பணமும் பேசிவிடுகிறார். செய்தி ஊரிலுள்ள பெரியப்பாவின் காதுக்குப் போகிறது. அவர் பஸ் ஏறி வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு, "இப்ப என்ன அவசரம்? ரெண்டு வருஷம் வேற கடையில உக்காரட்டும்" என்கிறார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவர் காலம் வேறு, நம் காலம் வேறு என்று வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது.

வியாபாரக் குடும்பங்களில் இது புதிதல்ல. பெரியவர்கள் யோசனை சொல்வார்களே தவிர, காரணம் சொல்லிப் பழக்கப்பட்டவர்கள் அல்லர். காரணம் வராததால் நாமும் அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளப்படும் சில யோசனைகளை இங்கே எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் இருக்கும் வியாபாரக் கணக்கு என்ன, இன்றைய சட்டத்தில் அவை எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்போம்.

பெட்டியடியில் படித்த படிப்பு

"வேறு கடையில் உட்காரட்டும்" என்பதற்குப் பின்னால் ஒரு பழைய முறையே இருக்கிறது. பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் இதை நன்றாக ஒழுங்கு செய்திருந்தார்கள். கடைக்குப் போகும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கைக் கண்ணால் படிப்பான். பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள், அதற்கும் மேலே கடையின் முழுப்பொறுப்பை ஏற்கும் ஏஜெண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இப்படிக் கீழிருந்துதான் தொழில் பழகினார்கள்.

சொந்த அப்பா கடையில் இந்தப் படிப்பு கிடைக்காது. அங்கே அவன் நுழைந்த நாளிலிருந்தே "சின்ன முதலாளி". அவன் தவறாக எடை போட்டால் பழைய வேலையாள் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்துவிடுவார். கல்லாவில் 200 ரூபாய் குறைந்தால் யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். பாக்கி வசூலுக்குப் போனாலும், "அப்பாகிட்ட பேசிக்கிறேன் தம்பி" என்று வாடிக்கையாளர் அனுப்பிவிடுவார். பிறர் கடையில் அந்த 200 ரூபாய்க்கு இரவு ஒன்பது மணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாக்கிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் சங்கடம் என்ன என்பது அப்போதுதான் தெரியும். பி.காம். படித்த பிள்ளைக்கும் இது பொருந்தும். ஐந்தொகை போடக் கல்லூரி சொல்லிக் கொடுக்கும். கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது சொல்லிக் கொடுக்காது.

இதில் பெரியவர்கள் சொல்வதிலிருந்து நாம் ஓரிடத்தில் மாறுபடுகிறோம். அவர்கள் பெரும்பாலும் தாய்மாமன் கடை, சித்தப்பா கடை என்றே அனுப்பச் சொல்வார்கள். நெருங்கிய உறவுக்காரர் கடையிலும் அவன் சின்ன முதலாளிதான். சம்பளம் கொடுக்க அவருக்கும் கூச்சம், வாங்க இவனுக்கும் கூச்சம். கொள்முதல் தொடர்புள்ள ஒரு மொத்த வியாபாரியிடம், கூடுமானால் வேறு ஊரில், மாதச் சம்பளத்துக்கு விடுவது மேல். சம்பளம் சிறிதாக இருக்கலாம். வாங்காமல் மட்டும் இருக்கக் கூடாது.

வேறு வைத்தல்

அதே நகரத்தாரிடம் "வேறு வைத்தல்" என்று ஒரு வழக்கம் உண்டு. திருமணமான மகனையும் மருமகளையும் சில காலத்துக்குப் பிறகு தனிச் சமையலாக வைத்துவிடுவார்கள். ஆனால் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுடையது. அடுப்பும் பாத்திரமும் தனி. ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து அரிசியும் மற்றச் சாமான்களும் பணமும் கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டும். விசேஷ நாட்களில் மட்டும் எல்லோருக்கும் பொதுச் சமையல். மணமான ஆண் நகரத்தார் கணக்கில் ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிவரியும் அவன் பெயரில்தான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே வரவு செலவில் தனி ஆளாக்கும் ஏற்பாடு இது.

இதன் நுட்பம் தனி அடுப்பை விட அந்த அளவில்தான் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பது முன்கூட்டியே தெரியும். தை மாதத்தில் அரிசி தீர்ந்தால் அது யாருடைய கணக்குப் பிசகு என்பதும் தெரியும்.

இன்று நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதலில் 6 லட்சம் என்று பேசி ஆரம்பிக்கிறோம். முன்பணத்துக்கு ஒன்றரை லட்சம், ரேக், மேசை, தராசு, பில் மெஷினுக்கு ஒன்றரை லட்சம், சரக்குக்கு 3 லட்சம் என்று முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. தீபாவளிச் சரக்குக்கு மீண்டும் ஒரு லட்சம். வாடகை பாக்கிக்கு அரை லட்சம். இரண்டு வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் 11 லட்சம் போயிருக்கும். கடை லாபமா நஷ்டமா என்பது அப்பாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. "கொடுக்கிறத ஒரே தடவையில அளந்து கொடு, பாதியைக் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிக்கச் சொல்லு" என்று பெரியவர் சொல்வது கஞ்சத்தனம் அல்ல. பாதியைக் கையில் வைத்துத் தொடங்குபவன் முதலில் சிறிய இடம் பார்ப்பான். ஓடுகிற சரக்கை மட்டும் வாங்குவான். ரேக்கைப் பழைய சாமான் கடையில் தேடுவான்.

அப்பத்தாமார் விஷயம் தனி. அளந்து கொடு என்று நம்மிடம் கண்டிப்பாகச் சொல்பவரும் அவர்தான். பேரன் வந்து நின்றால் முந்தானை முடிச்சை அவிழ்ப்பவரும் அவர்தான். அதற்கு இந்த இதழில் வழி சொல்ல முடியாது.

எழுதி வை

"அப்பனும் மகனுமா இருந்தாலும் பற்றுவரவு எழுதி வை" என்பார்கள். உடன்பிறந்தாரிடையே பிற்காலத்தில் வரும் பேச்சை நினைத்தே பெரியவர்கள் இதைச் சொன்னார்கள். மூத்தவனுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று இளையவன் கேட்கும் நாள் வரத்தான் செய்யும். இப்போது இதற்கு வரிச் சட்டத்தின் காரணமும் சேர்ந்திருக்கிறது.

கொடுப்பது அன்பளிப்பா, கடனா, கூட்டு முதலா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். தந்தை மகனுக்கோ மகளுக்கோ தரும் அன்பளிப்புக்குப் பெறுபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. தொகைக்கு வரம்பும் இல்லை. ஆனால் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. கடன் என்றால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. எதுவானாலும் வங்கி வழியாகக் கொடுத்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைப்பது நலம். மருமகள் பெயரில் கடை வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மாமனார் கொடுத்த பணத்திலிருந்து மருமகளுக்கு வரும் வருமானம் மாமனாரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும் என்பதை அவர்கள் அறிய வேண்டும். வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ நேரடியாகக் கொடுத்தால் இந்தச் சேர்க்கை இல்லை.

சரக்கு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நம் கடையிலிருந்து நாலு மூட்டை, பத்துப் பெட்டி என்று மகன் கடைக்கு அனுப்பிவிட்டு, "வீட்டுப் பிள்ளைதானே" என்று பில் போடாமல் விடுகிறோம். 2017 ஜூலை 1-இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, வியாபாரத்தின் பேரில் உறவினருக்குக் காசு வாங்காமல் கொடுத்தாலும் அது வழங்கலாகவே கொள்ளப்படும். பிள்ளைகள் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே பில் போட்டே அனுப்ப வேண்டும். மகன் முறையான பதிவு பெற்றவராக இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஜாமீன் கையெழுத்து

பெரியவர்கள் மிகக் கடுமையாகப் பேசுவது இந்த இடத்தில்தான். "பணமாக் கொடு, கையெழுத்து மட்டும் போடாதே." பெற்ற பிள்ளைக்கே ஜாமீன் போட மறுப்பதா என்று மனம் கேட்காது. ஆனால் சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் பயம் வீணல்ல.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் மகனிடம் கேட்டுவிட்டு, அவன் கொடுக்காவிட்டால்தான் அப்பாவிடம் வருவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. தவணை தவறினால் கடன் கொடுத்தவர் நேரே ஜாமீன்தாரரிடம் வரலாம். அசலோடு வட்டியும் செலவும் சேரும். மகனின் தவணை தவறினால், நம் கடைக்கு நாம் கடன் கேட்கும்போது அதுவும் குறுக்கே வந்து நிற்கும்.

கொடுக்கும் பணம் போனால் அந்தப் பணத்தோடு நஷ்டம் நிற்கும். ஜாமீன் அப்படி நிற்காது. பெரியவர் சொன்ன ஒற்றை வரியின் கணக்கு இவ்வளவுதான். 5 லட்சம் ஜாமீன் போடுவதை விட 2 லட்சம் சும்மா கொடுப்பது பல சமயம் மலிவு.

தவிர்க்கவே முடியாமல் கையெழுத்திட வேண்டி வந்தால், "வட்டி உட்பட இன்ன தொகைக்கு மேல் பொறுப்பில்லை" என்ற வாசகத்தை எழுத்தில் கேளுங்கள். மொத்த வியாபாரிக்கு, "மகன் எடுக்கும் சரக்குக்கெல்லாம் நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தால் அது தொடர் ஜாமீன். இனி எடுக்கும் சரக்குக்கு நான் பொறுப்பல்ல என்று அறிவிப்புக் கொடுத்து அதை நிறுத்தலாம். 130-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதுவரை எடுத்த சரக்குக்கான பொறுப்பு மட்டும் நீங்காது. ஓர் அச்சடித்த படிவத்தில் கையெழுத்திடுவதானால், இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக அதில் வரி இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிப் பார்ப்பது அவசியம்.

முத்ரா திட்டத்தைப் பல பெரியவர்கள் அறியமாட்டார்கள். 2015-இல் தொடங்கிய அத்திட்டத்தில் சிறு வியாபாரத்துக்குச் சொத்து ஈடு இல்லாமல் கடன் கிடைக்க வழி இருக்கிறது. மகன் தன் பெயரில் தன் கணக்கைக் காட்டி வாங்கும் சிறு கடன், அப்பா கையெழுத்தில் வாங்கும் பெருங்கடனை விட அவனுக்கு நல்லது.

கேட்க வேண்டாத இடங்கள்

பெரியவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நாம் சொல்லவில்லை. "கடை உன் பெயரிலேயே இருக்கட்டும், அவன் உட்கார்ந்து பார்க்கட்டும்" என்பது ஒன்று. இதில் பிள்ளையின் சுதந்திரமும் இல்லை, கணக்கும் சரியாக வராது. ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டின் விற்றுமுதலும் சேர்த்தே எண்ணப்படும். உள்மாநிலத்தில் சரக்கு மட்டும் விற்பவர்க்குத் தமிழ்நாட்டில் பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். தன் பெயரில் புதிதாகத் தொடங்கும் மகனுக்கு அந்த வரம்பு தனியாகக் கிடைக்கும். அப்பாவின் பதிவில் சேர்த்தால் கிடைக்காது.

மற்றொன்று பெண் பிள்ளைகள் பற்றியது. "பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, கடை பையனுக்கு" என்று முடித்துவிடுவார்கள். இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. அதில் அதற்குமுன் மணமான பெண்கள் விடுபட்டிருந்தனர். 2005-இன் மத்தியத் திருத்தம் மகளை மகனுக்குச் சமமாக்கியது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது. நாமே சம்பாதித்ததை விருப்பப்படி கொடுக்கலாம். பாட்டன் காலத்துக் கடையையும் இடத்தையும் மகனுக்கு மட்டும் மாற்றும்போது மகளையும் உட்கார வைத்துப் பேசாவிட்டால், மகனுக்குக் கொடுத்ததே வழக்கில் மாட்டிக்கொள்ளும். தவிர, வியாபாரத்தில் ஆசையுள்ள மகளையும் பெட்டியடியில் உட்கார வைக்கலாமே, தடுப்பது என்ன?

போர்டும் கடிதமும்

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. கடைக்கு நம் பெயரையே வைத்து, "அன் சன்" என்று சேர்த்துப் போர்டு மாட்டுகிறோம். பார்ப்பவர்கள் இது அப்பாவும் மகனும் சேர்ந்த கூட்டு என்று எண்ணிச் சரக்கைக் கடனில் இறக்குகிறார்கள். 1932-ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டம் 28-ஆம் பிரிவில், தன்னைப் பங்குதாரர்போல் காட்டிக்கொண்டவர், அல்லது பிறர் அப்படிக் காட்டுவதைத் தெரிந்தே விட்டவர், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பங்குதாரர்போலவே பொறுப்பாவார் என்று இருக்கிறது. மகன் தனி என்றால் போர்டிலும் பில்லிலும் தனியாகவே இருக்கட்டும். "எம் பேரை எதுக்குப்பா இழுக்கிறே" என்று தாத்தா கேட்டால் அதிலும் விஷயம் இருக்கிறது.

கடை திறக்கும் வாரத்திலேயே நமக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடலாம். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"என் மகன் இன்ன தேதி முதல் இன்ன பெயரில் தன் சொந்தப் பொறுப்பில் கடை நடத்துகிறார். அவருக்கும் என் கடைக்கும் கூட்டு இல்லை. அவருக்குத் தரும் சரக்கையும் தவணையையும் அவருடன் பேசி முடிவு செய்துகொள்ளவும். அவர் பாக்கியை என் கணக்கில் பற்று எழுத வேண்டாம். தங்கள் ஆதரவை அவருக்கும் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கவும். தபாலில் அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் அனுப்பவும். மகனிடம் ஒரு நகலைக் கொடுக்க மறக்க வேண்டாம்.