நெகிழித் தொட்டியின் கசிவை அடைத்தல்

நெகிழித் தொட்டியின் கசிவை அடைத்தல் என்பது நீரையோ கழிவுநீரையோ தேக்கும் நெகிழித் தொட்டிகளில் ஏற்படும் வெடிப்புகளைச் சரிசெய்யும் பணியாகும். இந்தியாவில் இத்தகைய தொட்டிகளை 1975 இல் குசராத்து மாநிலம் கலோலைச் சேர்ந்த சின்டெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் போன்ற ஊர்களிலும் எந்த நிறுவனத்தின் தொட்டியையும் "சின்டெக்ஸ்" என்றே அழைப்பது வழக்கம்.

இவை பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. சமமற்ற தளத்தில் அமர்ந்த அடிப்பகுதியிலும், குழாய் பொருத்திய துளையைச் சுற்றியும் வெடிப்பு தோன்றுகிறது.

வீடுகளில் பூசப்படும் எபாக்சிக் களிம்பு விரைவில் உரிந்துவிடும். இது களிம்பின் குறையன்று. பாலிஎத்திலீனின் மூலக்கூறுகள் முனைவற்றவை. அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. ஆதலால் பசை அதன்மேல் பரவிப் பற்றுவதில்லை. அதே நெகிழியின் துண்டை உருக்கி இணைப்பதே நிலைக்கும். முதலில் வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் நீளாது. பின்னர் வெடிப்பை ஆப்பு வடிவப் பள்ளமாகச் செதுக்கி, சூடான காற்றால் பள்ளத்தையும் துண்டையும் ஒருசேர உருக்க வேண்டும். துண்டு மட்டும் உருகினால் பிடிப்பு இராது. வெயிலில் நொறுங்கும் தன்மை அடைந்த தொட்டியில் இம்முயற்சி வீண். ஒட்டின் அருகிலேயே மீண்டும் வெடிக்கும்.

மேலைநாடுகளின் பழைய இல்ல ஊர்திகளில் சில கழிவுநீர்த் தொட்டிகள் ஏபிஎஸ் என்னும் நெகிழியால் ஆனவை. ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் கரைத்த கூழே அவற்றை ஒட்டும். பாலிஎத்திலீன் அசிட்டோனில் கரையாது. இரண்டையும் பிரித்தறிய, ஒரு சீவலைச் சோப்பு கலந்த நீரில் அமிழ்த்திப் பார்க்கலாம்: பாலிஎத்திலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

கழிவுநீர்த் தொட்டியில் தீப்பற்றும் மீத்தேன் தங்கியிருக்கக்கூடும். எனவே சூடாக்கும் முன் தொட்டியைக் கழுவி, நன்கு காற்றாட விட வேண்டும்.