ஏரிநீரை வடிக்கும் பீங்கான்

நெதர்லாந்தில் ஐசல்மேர் ஏரிக்கரையில் இருக்கும் ஊர் ஆன்டைக். அங்கே 2014இல் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்குச் சுமார் 12 கோடி லிட்டர் ஏரிநீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது. வடிகட்டும் வேலை அங்கே பீங்கான் சவ்வுகளுடையது.

சவ்வு என்றதும் மெல்லிய தாளை நினைத்துவிட வேண்டாம். இது ஒன்றரை மீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட கனத்த உருளை. முகப்பில் சுமார் 2,000 ஓட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட குழலின் வாய். பீங்கான் பொடியைப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் பிழிந்து, உலர்த்தி, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறார்கள். குழல்களின் உட்சுவரில் இன்னும் நுண்ணிய பொடிக் குழம்பைப் பூசி மறுபடியும் சுடுகிறார்கள். துகள்கள் ஒட்டிக்கொள்ளும்போது இடையில் விடும் சந்துகளே வடிகட்டும் துளைகள். அகலம் சுமார் 0.1 மைக்ரான். கலங்கலும் பாசியும் பெரும்பாலான பாக்டீரியாவும் குழலுக்குள்ளேயே தங்கிவிடும். கரைந்த உப்பு தப்பிவிடும், வைரஸ்களில் பலவும் தப்பும். புற ஊதா ஒளி போன்ற அடுத்த கட்டங்கள் அந்த வைரஸ்களுக்காகத்தான்.

வடிகட்டிக்கு எமன், அது பிடித்துவைக்கும் அழுக்கே. துளைகள் அடைபட அடைபட, அதே அளவு நீருக்குக் கூடுதல் அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். ஆகவே அவ்வப்போது சுத்தமான நீரை எதிர்த்திசையில் வேகமாகப் பாய்ச்சுகிறார்கள், இதுதான் பேக்வாஷ். பிளாஸ்டிக் இழைச் சவ்வுகள் இந்த வேகத்தில் நாளடைவில் அறுந்துபோகலாம். நீரைச் சுத்திகரிக்கச் சேர்க்கும் ஓசோன் அவற்றில் பலவற்றை அரித்துவிடும். பீங்கான் இரண்டுக்கும் அசையாது.

அழுக்கு ஒட்டுவதையே குறைத்தால்? வெள்ளை பெயின்ட்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய பூச்சாக ஏற்றிப் பார்க்கிறார்கள். அது நீரை விரும்பும் பொருள். அதன்மேல் நீர் படலமாகப் பரவி நிற்பதால் எண்ணெய்ப்பசை எளிதில் பற்றாது. அதோடு, புற ஊதா ஒளி பட்டால் அதன் பரப்பில் உருவாகும் வினைமிக்க மூலக்கூறுகள் கரிம அழுக்கைச் சிதைக்கும். இந்தப் பொருளின் ஒளிவினையை ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் உலகறியச் செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஒன்றரை மீட்டர் குழலின் நடுவே ஒளி எட்டாது. ஒளியை நம்பும் பூச்சுக்குத் தட்டையான சவ்வே தோது.

பீங்கானுக்கு விலை அதிகம். சுடுவதற்கு எரிபொருளும் நிறைய ஆகும். மாற்றாமல் எத்தனை ஆண்டு ஓடுகிறது, கழுவும் ரசாயனம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால்தான் அது சூழலுக்கு உகந்ததா என்பது தெரியும்.