கரடுமுரடான பாதையும் பெரிய டயரும்

தார்ச்சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் வண்டியைச் செலுத்த வேண்டும் என்னும் ஆசை இன்றைய இளைஞரிடையே பெருகி வருகிறது. ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் செல்வதற்கென்றே நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் தரும் சிறு வண்டிகள் நம் நாட்டில் விற்பனையாகின்றன. அவற்றை வாங்கிய சில திங்களுக்குள், தொழிற்சாலை பொருத்திய டயரைக் கழற்றிப் பெரிய டயரும், மெல்லிய பம்பரைக் கழற்றி எஃகுப் பம்பரும் பூட்டிக்கொள்வோர் பலர். இவ்விரு மாற்றங்களால் வண்டிக்கு நேர்வது என்ன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் பொறியாளன் அல்லன். கணிதமும் பௌதிகமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனினும் இப்பொருளில் பெரும்பகுதி உயர்நிலைப் பள்ளிப் பாடமே ஆதலின் துணிந்து பேசுகிறேன்.

முதலில் டயரின் மேல் பொறித்துள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அதன் டயரில் 195/80 ஆர் 15 என்று காணப்படும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எண்பது. அதாவது 156 மில்லிமீட்டர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 381 மில்லிமீட்டர். ஆகவே டயரின் முழு விட்டம் 381 உடன் இருமுறை 156 கூட்டிய தொகை, 693 மில்லிமீட்டர். மூன்று எண்களில் ஒன்று மில்லிமீட்டர், ஒன்று விழுக்காடு, ஒன்று அங்குலம்! இத்தகைய கலப்பு அளவையை என் மாணவர் எவரேனும் விடைத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையைப் பயன்படுத்தியிருப்பேன். உலகம் முழுவதும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாமும் ஏற்க வேண்டியதுதான்.

இவ்வண்டிக்கு 235/75 ஆர் 15 அளவுள்ள டயரை ஒருவர் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே முறையில் கணக்கிட்டால் விட்டம் 733.5 மில்லிமீட்டர் வரும். வேற்றுமை 40.5 மில்லிமீட்டர். ஆனால் அச்சு உயர்வது இதில் பாதியே. ஏனெனில் அச்சுக்கும் தரைக்கும் இடையே உள்ளது ஆரம், விட்டம் அன்று. ஆகவே வண்டியின் அடிப்பகுதி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயர்கிறது. டயர்களுக்காகச் செலவிடும் பெருந்தொகைக்குக் கிடைக்கும் உயரம் இரண்டு விரற்கடை கூட இல்லை.

பெரிய சக்கரம் தடையை எளிதில் ஏறும் என்பது மெய்யே. நம் மாட்டுவண்டியின் சக்கரம் அத்துணைப் பெரிதாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. பள்ளமும் மேடுமான பாதையில் சிறு சக்கரத்தை மாடுகளால் இழுக்க முடியாது. ஆயினும் நம் கணக்கில் நன்மை எவ்வளவு? 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றுவதற்கு அச்சில் கிடையாக எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் திருப்புத்திறன் விதியால் காணலாம். பழைய சக்கரத்துக்கு அது தாங்கும் எடையைப்போல் 1.45 மடங்கு, புதியதற்கு 1.36 மடங்கு. குறைவு நூற்றுக்கு ஆறு. நன்மை உண்டு, ஆனால் சிறிது.

இனி, இழப்பைப் பார்ப்போம். சுற்றளவு நூற்றுக்கு 5.8 பங்கு கூடிவிட்டது. வேகமானி சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. பழைய சக்கரத்தோடு துல்லியமாக இருந்த வேகமானி புதிய சக்கரத்தோடு 60 என்று காட்டும்போது வண்டி மெய்யாக 63.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பிரேக்கோ முன்போலவே இருக்கிறது. அது தரும் முறுக்குவிசை மாறவில்லை, ஆரம் நீண்டுவிட்டது. ஆகவே அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை நூற்றுக்கு ஐந்தரை குறைகிறது. கியரும் அதே அளவு உயர்ந்ததுபோல் ஆகிவிடுவதால் ஏற்றத்தில் என்ஜின் திணறும். கிளட்ச் விரைவில் தேயும். முழுமையாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உராயலாம். சேற்றுக்கென்று செய்த டயராயின், தொழிலாளர் பட்டன் என்று சொல்லும் மேடுகள் பெரியனவாகவும் இடைவெளி மிகுந்தும் இருக்கும். சேற்றைக் கவ்வும் அவ்வமைப்பு, மழையில் நனைந்த தார்ச்சாலையில் போதிய பிடிப்பைத் தராது.

பலரும் மறக்கும் பொருள் ஒன்று உண்டு: ஸ்டெப்னி. நான்கு டயர்களை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவார்கள். நடுவில் வேற்றுமைப் பல்லிணை இல்லாத வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே எண்ணிக்கையில் சுற்றியாக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சிறிதாயின் பல்லிணைகளில் இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். மணலில் டயர் சறுக்கி அதனைத் தளர்த்திவிடும். கெட்டியான சாலையில் பல்சக்கரமே விலை கொடுக்க நேரும்.

இவ்வளவு செலவுக்கு முன் செலவற்ற வழியொன்றை நினைவூட்டுகிறேன். 1,200 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 300 கிலோ, அதாவது 660 பவுண்டு அமர்ந்திருக்கிறது. காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டாயின், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலம். அழுத்தத்தை 15 ஆக்கினால் பரப்பு 44. மணலில் புதைந்த வண்டி பல வேளைகளில் இதனாலேயே வெளிவந்துவிடும். ஆனால் காற்று குறைந்த டயரோடு மெதுவாகவே செல்ல வேண்டும். வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றடித்துவிட வேண்டும். ஆகையால் பம்பு ஒன்று வண்டியில் இருத்தல் இன்றியமையாதது.

பெரிய டயரே தேவையில்லை என்று நான் கூறவில்லை. ஐஸ்லாந்து நாட்டில் பனியாறுகளின்மேல் செல்லும் வண்டிகளுக்கு 38 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள டயர்களைப் பூட்டி, காற்றைச் சில பவுண்டுகளே இருக்கும்படி இறக்கிவிடுகிறார்கள். 2007-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழுவொன்று 38 அங்குல டயர் பூட்டிய வண்டிகளில், வட காந்த முனை 1996-இல் இருந்த இடத்தை அடைந்தது. (காந்த முனை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதைப் பூகோள மாணவர் அறிவர்.) அவ்வண்டிகளில் டயரை மட்டுமா மாற்றினார்கள்? மட்கார்டை அறுத்து அகலப்படுத்தினார்கள், அச்சின் பல்லிணை விகிதத்தை மாற்றினார்கள். ஒன்றைத் தொட்டால் தொடர்ந்து பலவற்றைத் தொட வேண்டும்.

எஃகுப் பம்பருக்கு வருவோம். இதன்மேல் எனக்குள்ள ஐயம் டயரைக் காட்டிலும் மிகுதி.

பம்பரை மாற்றுவதற்குத் தக்க காரணங்கள் இல்லாமல் இல்லை. கீழ்விளிம்பு உயர்ந்திருந்தால் செங்குத்தான மேட்டை வண்டி இடிபடாமல் அணுகும். சேற்றிலிருந்து தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும் வின்ச்சைப் பூட்டவும் உறுதியான இடம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் அந்தி நேரத்தில் கங்காருக்கள் குறுக்கே பாய்கின்றன. விளக்கும் ரேடியேட்டரும் உடைந்தால் உதவி வர நூறு கிலோமீட்டருக்கு மேலாகும். அங்கே முன்தடுப்புக் கம்பிக்குப் பொருள் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவில் அதற்கு என்ன வேலை?

எடையைக் கவனியுங்கள். 60 கிலோ எடையுள்ள பம்பரும் வின்ச்சும் முன் அச்சுக்கு 700 மில்லிமீட்டர் முன்னால் தொங்குவதாகக் கொள்வோம். ஜிம்னியின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2,590 மில்லிமீட்டர். நெம்புகோல் விதிப்படி முன் அச்சில் கூடும் சுமை 60 அன்று, 76 கிலோ. பின் அச்சு 16 கிலோ இலேசாகிவிடும்.

மோதலின்போது நிகழ்வது இதனினும் பெரிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கினால், உள்ளே இருப்பவர் உணரும் சராசரி வேகத்தளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 16 மடங்கு. நசுங்காத எஃகு அந்தத் தூரத்தை 20 சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால் 49 மடங்கு. வண்டி நசுங்குவது பலவீனமன்று. மனிதருக்காக அது தன்னை அழித்துக்கொள்கிறது. காற்றுப்பை விரிய வேண்டிய நொடியைக் கணிக்கும் உணரிகளும் தொழிற்சாலைப் பம்பரை வைத்தே அமைக்கப்பட்டவை. முன்னால் விறைப்பான கம்பி வந்துவிட்டால் அக்கணிப்புப் பிசகக்கூடும்.

உள்ளே இருப்பவராவது தாமே விரும்பி அக்கம்பியைப் பூட்டியவர். வெளியே நடப்பவரை யார் கேட்டார்கள்? இன்றைய பம்பரின் வெளிப்புறம் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது. அடிபடுபவரின் காலுக்கு அது ஓரளவு இடங்கொடுக்கும். எஃகுக் குழாய் கொடாது. வளர்ந்தவருக்குத் தொடையிலும் இடுப்பிலும் படும் அந்தக் குழாய், எட்டு வயதுச் சிறுவனுக்கு மார்பிலோ தலையிலோ படும். நடைபாதை இல்லாத சாலையின் ஓரமாகப் புத்தகப்பையோடு வரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பள்ளி வாயிலில் நின்று பார்த்தவன் நான். இக்கணக்கை எண்களால் மட்டும் எனக்குப் போட முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இத்தகைய முன்தடுப்புகளுக்குச் சோதனைகளை விதித்தது. 2017 டிசம்பரில் நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றைப் பூட்டிய வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அதே ஆண்டு திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு திங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகையால் வாங்குமுன் அதே வண்டிக்குத் தயாரிப்பாளர் எந்த டயர் அளவுகளை ஒப்புகிறார் என்று கையேட்டில் பார்த்துவிடுவது நலம்.

எனக்கு அளித்த நேரத்தில் சிறிது எஞ்சியுள்ளது. மாணவர்களுக்கு ஒரு செய்முறை கூறுகிறேன். உரிமையாளரின் இசைவோடு, சமதரையில் நிற்கும் வண்டியின் முன்சக்கரத்தருகே நேரான மூங்கில் கழியொன்றை வையுங்கள். அதன் ஒரு முனை டயரின் அடியில் தரையைத் தொடட்டும். கழி டயரை ஒட்டியவாறே இருக்க, மறுபுறத்தைப் பம்பரின் கீழ்விளிம்பில் படும் வரை உயர்த்துங்கள். தரைமுனையிலிருந்து தரையோடு 50 சென்டிமீட்டர் அளந்து, அவ்விடத்தில் கழியின் உயரத்தைக் குறியுங்கள். உயரத்தை 50 ஆல் வகுத்து, முக்கோணவியல் அட்டவணையில் பார்த்தால் அணுகு கோணம் கிடைக்கும். ஜிம்னிக்கு உயரம் 36 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். அதற்குரிய கோணமும் ஏறத்தாழ 36 பாகையே. பிறகு எஃகுப் பம்பர் பூட்டிய வண்டியொன்றையும் அளந்து பாருங்கள். கீழ்விளிம்பு உயர்ந்திருந்தும் முன்னோக்கி நீண்டுவிட்டமையால் கோணம் குறைந்துபோன பம்பர்களும் உண்டு.