பழைய ஸ்போர்ட்ஸ் காரும் நம் கடை முதலும்

வத்தலோ மல்லியோ ஓராண்டு குடோனில் தேங்கினால் நிறமும் மணமும் போய் விலை இறங்கிவிடும். இது அருப்புக்கோட்டை, திருச்சுழி வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அறுபது வருடப் பழைய காருக்குச் சிலர் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களே, எப்படி? அண்மையில் நம் வியாபாரி ஒருவரின் மகன், கடை முதலில் இருந்து எடுத்து அப்படி ஒரு கார் வாங்கிப் போடலாமா என்று நம்மிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறோம்.

நம்மில் மூத்தவர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு காரை 1961 முதல் சென்னையில் அந்தப் பெயரில் தயாரித்தார்கள். அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் 1962-ல் வெளியிட்டார்கள். பெயர் ஸ்பிட்ஃபயர். ஒரு மூடை மல்லி ஏற்ற அதில் இடமில்லை. ஆனாலும் தரையை ஒட்டிய இருக்கையும், முகத்தில் அடிக்கும் காற்றும், எஞ்சின் சத்தமும் இளைஞர்களை இழுத்தன. அன்று வாங்க முடியாதவர்கள் வசதி வந்தபின் தேடி வாங்குகிறார்கள். இந்த ஆசைதான் பழைய காரின் வியாபாரத்துக்கு அடிப்படை.

அதே 1962-ல் இத்தாலியில் ஃபெராரி 250 ஜிடிஓ வந்தது. 1964 வரை மொத்தம் 36 வண்டிகளே செய்தார்கள். பந்தயங்களில் பேர் வாங்கிய வண்டி. அவற்றில் ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு, நம் பணத்தில் சுமார் 430 கோடி ரூபாய்க்குப் போனது. ஸ்பிட்ஃபயரோ 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் விலை இதன் பக்கத்தில்கூட வராது. இரண்டுக்கும் வயது ஒன்றுதான். ஆகவே பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறுவதில்லை. எண்ணிக்கை குறைவா, பந்தயத்தில் ஓடியதா, முதலில் பொருத்திய எஞ்சின்தானா, பழைய தஸ்தாவேஜுகள் சரியாக உள்ளனவா என்று பார்த்தே விலை பேசுகிறார்கள்.

நம் நாட்டில் 2021-ல் திருத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

அப்படியானால் கணக்கு என்ன? வண்டி நிற்கும் நாள் எல்லாம் ஷெட், பராமரிப்பு, உதிரிபாகம் என்று செலவுதான், வரவு இல்லை. கேட்கும் ஆளும் நினைத்த நேரத்தில் வரமாட்டார். வத்தல் விலை இறங்கினாலும் மறுநாளே காசாக்கலாம். இதை அப்படி ஆக்க முடியாது. கொள்முதல் செய்த இடத்துக்கு வாய்தா நாளில் பணம் கட்டாவிட்டால் போவது பல வருட நாணயம்.

ஆசையைக் குறை சொல்லவில்லை. வீட்டுச் செலவும் கடைத் தேவையும் போக மிஞ்சிய லாபத்தில் தாராளமாக வாங்கலாம். கடை முதலில் கை வைக்கக் கூடாது. அந்தத் தம்பியை முதலில் கோவை ஜீடி கார் மியூசியத்துக்குப் போய்க் கண்ணாரப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறோம்.