விமான தூரமும் வியாபார நேரமும்

சிங்கப்பூருக்குக் காய்கறி, கறிவேப்பிலை அனுப்பலாமா என்று நம் மண்டிக்கு வரும் இளைய வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். "நாலு மணி நேரத்தில் விமானம் போய்விடுகிறதே, அதற்குள் சரக்கு வாடிவிடுமா?" என்பது அவர்கள் கணக்கு. அது சரிதானா என்று பார்ப்போம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் ஆகாய மார்க்கமாகச் சுமார் 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் மூன்றரை மணி நேரம்போல வரும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்த்தால் நாலு, நாலேகால் மணி ஆகும்.

கால அட்டவணையைப் பார்த்தும் குழம்பக் கூடாது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. (1982 ஜனவரி 1-இல் அவர்கள் அரை மணி முன்தள்ளினார்கள், அதற்கு முன் இரண்டு மணி வித்தியாசம்தான்.) இரவு 11 மணிக்குப் புறப்பட்டு அங்கே காலை ஐந்தரைக்கு இறங்கினால், காகிதத்தில் ஆறரை மணி, பறந்தது நாலு மணி. திரும்பும்போது இதுவே தலைகீழாகத் தெரியும்.

ஆனால் வியாபாரிக்குக் காய் பறித்த நிமிடத்திலேயே நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து சென்னைக்கு லாரியில் ஒன்பது, பத்து மணி நேரம். எடை போடுதல், சுங்கம், பாதுகாப்புச் சோதனை இவற்றுக்காக விமானம் புறப்படப் பல மணி முன்பே சரக்கை ஒப்படைக்க வேண்டும். அங்கே இறங்கிய பின்னும் அனுமதி முடிந்துதான் வெளியே வரும். நாலு மணிப் பயணம் ஒரு முழு நாளை விழுங்கிவிடும்.

அதே சரக்கு திருச்சி விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரத்தில் போய்விடும். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய தூரம் சற்றுக் கூடுதல்; அது சில நிமிடக் கணக்கு. சாலையில் மிச்சமாவதோ ஆறு, ஏழு மணி. கீரையும் கறிவேப்பிலையும் விலை போகுமா, குப்பைக்குப் போகுமா என்பதை அந்த ஆறு மணிதான் தீர்மானிக்கும். ஆனால் சரக்குக்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். 60, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு 16 கிலோ வரும். உள்ளே 9 கிலோ கறிவேப்பிலை இருந்தாலும் 16 கிலோவுக்கே கூலி. எடை, அளவு இரண்டில் எது கூடுதலோ அதுவே கணக்கு.

ஆகவே விலை பேசுமுன், தோட்டத்திலிருந்து அங்குள்ள கடை வரை எத்தனை மணி என்று எழுதிப் பார்க்க வேண்டும். விமானம் தாமதமானால் நஷ்டம் யாருடையது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.