இக்போ மொழியில் நிபந்தனைக் கூற்று

ஆங்கில இலக்கணத்தை வகுப்பறையில் மனனஞ் செய்த நாம், ‘இஃப்’ என்னும் சொல்லையே எல்லா மொழிகளுக்கும் அளவுகோலாகக் கொண்டுவிடுகின்றோம். தமிழிலோ ‘வரின்’, ‘வந்தால்’ என வினையின் ஈறே நிபந்தனைப் பொருளைத் தருகின்றது. தென்கிழக்கு நைஜீரியாவில் வழங்கும் இக்போ மொழி, அதற்கெனச் சில தொடர்களை வாக்கியத்தின் முதற்கண் நிறுத்தும். அவற்றுள் இரண்டை நோக்குவோம்.

‘ஒ புரு நா’ என்பது, ஆதலைக் குறிக்கும் ‘பு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நிகழக்கூடியதைச் சுட்ட வரும். ‘அ சி நா’ என்பது, சொல்லுதலைக் குறிக்கும் ‘சி’ என்பதனின்று பிறந்தது. உண்மையல்லாததை உண்மைபோற் கொண்டு பேச உதவும். ‘அ சி நா ம் பு கி’ என்பதற்கு ‘நான் நீயாக இருந்தால்’ என்பது பொருள்.

முடிவுப் பகுதியிலும் இவ்வேறுபாடு புலனாகும். ‘ம் கா அபியா’ என்பது ‘வருவேன்’ எனப் பொருள்படும். ‘ம் காரா அபியா’ என்பதோ ‘வந்திருப்பேன்’ எனப் பொருள்படும். வரவில்லை என்பது அதனுள் அடங்கிக் கிடக்கும்.

இனி, நம் மொழியை நோக்குவோம். ‘ஆயின்’ என்பதில் ஆதல் வினை உளது. ‘எனின்’, ‘என்றால்’ என்பவற்றிற் சொல்லுதல் வினை உளது. உறவற்ற இரு மொழிகள் அவ்விரு வினைகளையே கருவியாகக் கொண்டமை வியப்பன்றோ? ஆபிரிக்க மொழிகளுக்கு இலக்கணமில்லை என்பாரை மறுக்க இவ்வொரு சான்றே சாலும்.